அஞ்சு தூசி

பேசுனா ஒண்ணும் ஆகாதுய்யா. கண்ணத்தான் மூடச் சொன்னாங்க, வாய மூடச் சொல்லல. சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் இப்படியே உக்காரணுமாம். நடுவுல இன்னும் ரெண்டு தடவ வந்து விடுவாங்களாம். நீங்களும் மூடிக்கிட்டுத்தான இருக்கீங்க? சரி. மூஞ்சியப் பாக்காமப் பேசுறதும் ஒரு வகையில நல்லதுதான்.

எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. புரைதான், வேற ஒண்ணுமில்ல. எழுபத்தி மூணு வயசுல எவனுக்கு வரல? இதக் கண்ணுக் கோளாறுன்னு சொல்லப்படாது. அங்க சீட்டு எழுதுற பிள்ள, "எத்தன வருசமா கண்ணு சரியில்ல தாத்தா"ன்னு கேக்குது. சுள்ளுன்னு வந்துச்சு. என் கண்ணு எப்பவும் சரியாத்தாம்மா இருந்துச்சு, அப்படியே எழுதிக்கன்னேன். அது என்ன எழுதுச்சோ.

என்ன வேலை பாத்தேன்னா கேட்டீங்க? தூசி தொடச்சேன்.

சிரிக்காதீங்க. சிவகாசில மேப் அடிக்கிற ஆபீஸ் ஒண்ணுல முப்பத்து மூணு வருசம் தூசி தொடச்சேன். பள்ளிக்கூடத்துச் செவத்துல மேல ஒரு கட்டை கீழ ஒரு கட்டை வச்சுத் தொங்குமே, ஒலகப் படம், இந்தியாப் படம், அந்த மேப்புத்தான். அப்பக் கம்ப்யூட்டர் கெடையாது. மொதல்ல ஒருத்தர் டிரேசிங் தாள்ல மையத் தொட்டு வரைவாங்க. அதக் கேமராவுல பிடிச்சா ஆளு ஒசரத்துக்கு நெகட்டிவ் வரும். நெகட்டிவ்னா எல்லாம் கறுப்பு, கோடு மட்டும் வெளிச்சமாத் தெரியும். அந்தக் கறுப்புல எங்கெங்க தூசி விழுந்துச்சோ அங்கெல்லாம் ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருக்கும். அத அப்படியே விட்டா அச்சடிக்கிற பிளேட்ல ஏறி, பேப்பர்ல புள்ளி புள்ளியா விழுந்துரும். அதனால நெகட்டிவ லைட் டேபிள் மேல விரிச்சு, அடியில வெளிச்சத்தப் போட்டு, நாலு முடி பிரஷ்ல செவப்பு மையத் தொட்டு ஒவ்வொரு ஓட்டையா அடைக்கணும். ரீடச்சிங்னு பேரு. ஒரு ஒலகப் படத்துல முந்நூறு நானூறு ஓட்டை அடைப்பேன்.

இதுல என்ன பெரிய வித்தைன்னு நெனப்பீங்க. கடலுக்கு நடுவுல ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கு. அது தூசியா, தீவா? நெகட்டிவ் சொல்லாது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் மினுங்கும். ஆளுதான் பாத்துச் சொல்லணும். நான் சொல்லுவேன். லென்ஸ் இல்லாமச் சொல்லுவேன். ஆபீஸ்ல என்னை ஜெயக்கொடின்னு யாரு கூப்பிட்டா? 'கண்ணு'ன்னுதான் கூப்பிடுவாங்க. மொதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியே வெளியூர்ப் பார்ட்டி வந்தா, "இவன்தான் நம்ம ஆபீஸ் கண்ணு"ன்னு தோள்ல கையப் போட்டுக் காட்டுவாரு. அப்படி இருந்தவன்யா நான். அதுக்குள்ளதான் அந்தப் பொம்பளப் பிள்ள வந்து சேந்துச்சு.

சொர்ணக்கனி. சாத்தூர்ப் பக்கம். ஐடிஐல டிராப்ட்ஸ்மேன் படிச்சிருந்தா. எங்க டிரேசிங் செக்சன்ல அதுக்கு முந்தி பொம்பள ஆளு கெடையாது. வந்தப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். கல்யாணம் ஆகல, வீட்டுல மூச்சு எளப்போட ஒரு அம்மா மட்டும். கை நல்ல கை, அதச் சொல்லாம இருக்க முடியாது. கோடு போட்டான்னா நூல் பிடிச்ச மாதிரிப் போகும். ஆனா வாய் இருக்கே. சத்தமாப் பேச மாட்டா, மெதுவாத்தான் பேசுவா. மெதுவாப் பேசுறவங்கதான்யா ஆளக் கவுக்குறது.

தொண்ணூத்தஞ்சுல இந்தியாப் படம் ஓடுச்சு. பிளேட்டு மிசின்ல ஏறப் போற நேரம். இவ வந்து பிளேட்டக் குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணே, லட்சத்தீவுல ஒண்ணு கொறையுதே"ங்கிறா. எங்கிட்ட மட்டும் சொன்னா என்ன? மிசின் ஆளு, பைண்டிங் ஆளு, அண்ணாச்சி, எல்லாரும் நிக்கிறாங்க. பாத்தா ஒண்ணு கொறையத்தான் செஞ்சுச்சு. தூசின்னு அடைச்சிருக்கேன். ஒரு தடவ. இருபத்தோரு வருசத்துல ஒரே ஒரு தடவ.

அண்ணாச்சி திட்டல. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். "ஜெயக்கொடி, மதுரைக்குப் போயிக் கண்ணக் காட்டிட்டு வா"ன்னாரு. அத்தன பேருக்கு முன்னால. ரீடச்சிங்காரனப் பாத்துக் கண்ணக் காட்டுன்னா என்னய்யா அர்த்தம்? வண்டி ஓட்டுறவன்கிட்ட ஒனக்குக் கால் வெளங்கலன்னு சொல்ற மாதிரித்தான. அதோட விட்டாரா? "இனிமே நீ பாத்து முடிச்ச நெகட்டிவ கனி ஒருக்காப் பாக்கட்டும். அவ ஓரத்துல கையெழுத்துப் போட்ட பெறகு பிளேட்டுக்குப் போகட்டும்"ன்னுட்டாரு.

நான் மதுரைக்குப் போகல. போனேன்னு சொன்னேன். பயம்தான், இல்லேங்கல. டாக்டர் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி, கண்ணு போச்சுன்னா ரீடச்சிங்காரன வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?

அன்னையிலருந்து ஒவ்வொரு நெகட்டிவும் அவ மேசைக்குப் போகும். லென்ஸ வச்சுக்கிட்டு ஒரு மூலையில ஆரம்பிச்சு மறு மூலை வரைக்கும் மேய்வா. நான் நிக்கணும். எனக்குப் பின்னால வந்தவ, என் வேலையப் பாத்து முடிக்கிற வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். "சரியா இருக்குண்ணே"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல பொடிசா 'சொ.கனி'ன்னு போடுவா. அந்த "அண்ணே"யில ஒரு மரியாதை இருக்கும் பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது.

அப்பத்தான் இந்த டிலாங் தீவு வந்துச்சு. கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க இருந்து கேள்விப்பட. நானும் பட்டதில்ல. ஒலகப் படத்துல உச்சில, ரஷ்யாவுக்கும் மேல, ஐஸ் கடலுக்குள்ள அஞ்சு புள்ளி. பழைய படத்துல அது கெடையாது. கனி ஏதோ வெளிநாட்டு அட்லஸப் பாத்துட்டு, புதுப் படத்துல போடணும்னு அண்ணாச்சிகிட்டக் கேட்டு வாங்கிப் போட்டா. போட்டவ சும்மா இருந்தாளா? சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸத் தெறந்தா டிலாங் தீவு, மூடுனா டிலாங் தீவு. நூலகத்துல போயிப் புஸ்தகம் எடுத்துட்டு வருவா. அஞ்சு பேரையும் ஒரு சீட்டுல எழுதி மேசையில ஒட்டி வேற வச்சிருந்தா.

"அண்ணே, அதுல பென்னட்தான் பெருசு. மலை மேல பூரா ஐஸ், வருசம் பூரா உருகவே உருகாது. கெழக்க ஹென்றியட்டாவும் ஜீனெட்டும் அக்கா தங்கச்சி மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்கிது. தெக்க சோகோவ். அதுக்கும் கீழ வில்கிட்ஸ்கி, இருக்குறதுலயே பொடிசு, ஒரு மணி நேரத்துல சுத்தி வந்துரலாம் போல"ன்னு சொல்லுவா. கோடையில மூணு மாசம் சூரியன் எறங்கவே எறங்காதாம், குளிருல மூணு மாசம் எட்டியே பாக்காதாம். மரம் ஒண்ணு கெடையாது. பாறையில பறவ வந்து முட்ட விட்டுட்டுப் போகும், ஐஸ் மேல கரடி நடக்கும், அவ்வளவுதான். நூறு வருசத்துக்கு முந்தி ஜீனெட்டுங்கிற கப்பல் ஒண்ணு ஐஸுல மாட்டி, ரெண்டு வருசம் நகர முடியாம மெதந்துக்கிட்டே போயி, அப்படித்தான் ஹென்றியட்டாவையும் ஜீனெட்டையும் பாத்திருக்காங்க. கப்பல ஐஸ் நெருக்கி ஒடச்சிருச்சு. ஐஸ் மேல நடந்து வர்றப்பத்தான் பென்னட்டப் பாத்திருக்காங்க. கேப்டன் டிலாங் கரை வரைக்கும் போயி அங்க பட்டினில செத்தாரு. மத்த ரெண்டையும் முப்பது வருசம் கழிச்சு ரஷ்யாக்காரன் பாத்திருக்கான். சோகோவுல காத்து, குளிரு அளக்குறதுக்கு ஆளு வச்சிருந்தாங்க, அதையும் இப்ப மூடிட்டுப் போயிட்டாங்கண்ணேன்னு, ஏதோ அவ வீட்டுத் தெருவுல கடைய மூடுன மாதிரி வருத்தமாச் சொல்றா.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஏம்மா, ஒரு குஞ்சு குளுவான் இல்லாத எடத்துக்கு எதுக்கு இம்புட்டுக் கவலை? ஒனக்கு மாப்பிள்ள அங்கதான் பாத்திருக்காங்களோ?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சிட்டு, "யாருமே போகாத எடம்ணே. நாமளும் படத்துல போடலைன்னா அது எங்கதான் இருக்கும்?"னா.

இது ஒரு பேச்சா? நாம போட்டாத்தான் அது இருக்குமா? திமிரு.

தொண்ணூத்தாறு மாசி மாசம் பெரிய ஆர்டர் வந்துச்சு. ஏழாயிரம் ஒலகப் படம், பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள குடுக்கணும். படத்தச் சரி பாத்து ஒத்துக்க ஞானசிகாமணி சார்னு ஒரு பெரியவரப் போட்டிருந்தாங்க. காலேஜ்ல பூகோளம் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவரு. அவரு பாத்துச் சரின்னாத்தான் லாரில ஏறும்.

கரையோரம், தீவு எல்லாம் ஒரு நெகட்டிவ். பேரெல்லாம் வேற நெகட்டிவ். கரை நெகட்டிவ நான் பாத்து முடிச்சேன். அவ லென்ஸ வச்சு மேய்ஞ்சா. வடக்க வந்ததும் நிறுத்தி, அஞ்சையும் ஒண்ணு ரெண்டுன்னு வெரல் விட்டு எண்ணுறா. என் முன்னாலயே எண்ணுறா! நான் தின்னுருவேன்னு நெனச்சாளா? எண்ணிட்டு, "சரியா இருக்குண்ணே"ன்னு கையெழுத்துப் போட்டா.

பெறகு என்னன்னா, மிசின் காலியில்லாம நெகட்டிவ் ரெண்டு நாள் ரேக்குல கெடந்துச்சு. ரேக்குல கெடந்தா உராயும், உராஞ்சா கீறல் விழும், கீறல்ல வெளிச்சம் வரும். பிளேட்டுக்குப் போறதுக்கு முந்தி கடைசியா ஒருக்காப் பாக்குறது தொழில் மொறை. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் மொறைப்படி எடுத்துப் பாத்தேன். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. வடக்க அஞ்சு புள்ளி மினுங்குச்சு. தூசின்னு பட்டுச்சு. அடைச்சேன். அவ்வளவுதான் நடந்தது. பென்னட் கொஞ்சம் பெருசு, அதுக்கு ரெண்டு தொடல் ஆச்சு. மத்த நாலும் ஒவ்வொரு தொடல்.

என்ன? தூசின்னா பேரு எப்படித் தெரியும்னா? அப்பத் தெரியாதுய்யா. இப்பச் சொல்றேன், ஒங்களுக்குப் புரியணும்னு. நீங்க ஒண்ணு, நடுவுல நடுவுல கேட்டு ஆளக் கொழப்பாதீங்க.

பேரு நெகட்டிவ்ல 'டிலாங் தீவுகள்'னு எழுத்து இருந்துச்சு. அது எனக்கு ஞாபகம் வரல. அங்கதான் வினை.

ஏழாயிரமும் அடிச்சுக் காஞ்சு அடுக்கியாச்சு. ஞானசிகாமணி சார் வந்தாரு. மூக்குக் கண்ணாடிய நெத்தில ஏத்திக்கிட்டு, ஒரு படத்த மேசையில விரிச்சு, ஸ்கேல வச்சு ஒவ்வொரு எடமாப் போறாரு. ஆப்பிரிக்கா போச்சு, ஐரோப்பா போச்சு. நான் நிம்மதியா நிக்கிறேன். மேல போனவரு டக்குன்னு நின்னாரு. "தனுஷ்கோடி, இது என்னப்பா? பேரு மட்டும் தண்ணில நிக்கிது. தீவக் காணோம்?"

அண்ணாச்சி மூஞ்சி வெளுத்துப் போச்சு. கனிய உள்ள கூப்பிட்டாரு. அவ வந்து படத்தப் பாத்தா. நேரா ரேக்குக்குப் போயி, கரை நெகட்டிவ எடுத்துட்டு வந்து என் லைட் டேபிள்ல போட்டா. என் டேபிள்ல, என்னக் கேக்காம. பஞ்ச ஈரம் பண்ணி, வடக்க தொடச்சா. செவப்பு மை தண்ணி பட்டாக் கரைஞ்சிரும். அஞ்சும் ஒண்ணு பின்னால ஒண்ணா மினுங்குச்சு. "இந்தாருக்கு அண்ணாச்சி"ன்னா.

எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. நான் ஓடல, ஒளியல. "நான்தான் அடைச்சேன். தூசின்னு அடைச்சேன். மனுசன் தப்புப் பண்றதுதான். அதுக்குத்தான அண்ணாச்சி ஒருத்திய லென்ஸோட உக்கார வச்சுக் கையெழுத்து வாங்குறீங்க? அந்தா இருக்கே, ஓரத்துல, அது யாரு கையெழுத்து?"ன்னு கேட்டேன்.

அதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. நான் அடைச்சேன்னு ஒத்துக்கிட்டேன்ல?

"நான் கையெழுத்துப் போடும்போது அஞ்சும் தெறந்து இருந்துச்சுண்ணே. எண்ணினேன். நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க"ன்னா.

"அப்ப அதுக்குப் பெறகு எங்க போச்சு? சிவகாசி வெயிலுக்கு ஐஸ் உருகி, தண்ணிக்குள்ள போயிருச்சோ?"

மிசின் ஆளுங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. ஞானசிகாமணி சாரே சிரிச்சிட்டாரு. ஆளுங்க சிரிச்சிட்டா முடிஞ்சதுய்யா, அதுக்கப்புறம் எந்த நியாயமும் எடுபடாது. அவ சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "அண்ணே, ஒங்களுக்குத் தெரியும்"ன்னா. அத மட்டும்தான் சொன்னா.

அண்ணாச்சி எங்கிட்ட வந்தாரு. "ஜெயக்கொடி, நீ அடைச்சது கையெழுத்துக்கு முந்தியா, பிந்தியா?"

முந்தின்னேன்.

பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? பிந்தின்னு சொன்னா என் சோலி முடிஞ்சது. வீட்டுல மூணு பொட்டப் பிள்ள. அதவிட, பழைய லட்சத்தீவு ஒண்ணு, புதுசா அஞ்சு, கண்ணு அவிஞ்சு போச்சுன்னு ஊரே பேசும். அவளுக்கென்ன, சின்ன வயசு, கை இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவா.

"கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்பு. நாளையிலருந்து வர வேண்டாம்மா"ன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. சொல்லும்போது அவரு மூஞ்சி நல்லாயில்ல, நான் பாத்தேன். அவ அழுவா, கால்ல விழுவான்னு நெனச்சேன். பேனா, ஸ்கேலு, டிபன் பாக்ஸ எடுத்துப் பையில போட்டா. போறப்ப, "ஏழாயிரத்துலயும் அத எப்படியாவது போட்டுருங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போறா. வேலை போகுது, அவளுக்கு அந்தக் கவலை! மேசையில ஒட்டுன பேர்ச் சீட்ட உரிக்காமப் போயிட்டா. அதச் சொரண்டி எடுக்குறதுக்குள்ள எனக்கு நகமே போச்சு.

அதுக்கப்புறம் நாலு மேப் ஆபீஸ்ல ஏறி எறங்குனாளாம். எங்க ஊருல மேப் தொழில் பண்றவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. ஆள எடுக்குறதுக்கு முந்தி, விட்ட எடத்துல போன் போட்டுக் கேப்பாங்க. அண்ணாச்சி பொய் சொல்ற ஆளில்ல. பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டான்னு உள்ளதச் சொல்லுவாரு. மேப்புல அப்படி ஒரு பேரு வந்துட்டா ஒரு பய சேக்க மாட்டான். பெறகு அவ அம்மாவக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஏதாவது எடத்துல சொல்லி விட்டிருப்பேன். கேக்கல. அம்புட்டு வீம்பு.

சரி, படத்துக்கு வருவோம். ஏழாயிரத்தையும் கிழிச்சுப் போட முடியாது, திரும்ப அடிக்க நாளும் இல்ல. கையால அஞ்சு புள்ளி வச்சுக் குடுத்தா ஒத்துக்கிறேன்னு ஞானசிகாமணி சார் எறங்கி வந்தாரு. அண்ணாச்சி, "தகடு ஒண்ணு வெட்டி, அஞ்சு ஓட்டை போட்டு, அத வச்சு வச்சு மையத் தொட்டுரலாம்"ன்னாரு. தகடு வச்சா மை ஓரத்துல கசிஞ்சு ஈஷிக்கும், அசிங்கமாப் போயிரும், வெறுங்கையால நான் வைக்கிறேன் அண்ணாச்சின்னேன். என்னை விட்டா அந்தக் கை யாருக்கு இருக்கு?

உக்காந்தேன். பங்குனி வெயிலு. காத்தாடி போட்டா பேப்பர் பறக்கும்னு அதையும் நிறுத்திட்டேன். முதுகு ஒடிய, காலையில எட்டு மணிக்குக் குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிருவேன். ஒரு படத்த இழுக்கணும், அஞ்சு புள்ளி, காய வைக்கணும், அடுத்தது. இந்த மாதிரி ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யும்போது வாயால ஏதாவது சொல்லிக்கிட்டே செஞ்சா கை தப்பாது. நெல்லளக்குறவன் எண்ணிக்கிட்டே அளப்பான்ல, அது மாதிரித்தான். நானும் சொல்லிக்கிட்டே வச்சேன். மேக்க தனியா, கொஞ்சம் அழுத்தி, பென்னட். கெழக்க போயி மேல ஹென்றியட்டா, அதுக்குக் கீழ ஒட்டுனாப்புல ஜீனெட். நடுவுல எறங்கி சோகோவ். அதுக்கும் கீழ, முடி நுனியால தொட்டும் தொடாம, வில்கிட்ஸ்கி. அடுத்த படம். பென்னட், ஹென்றியட்டா, ஜீனெட், சோகோவ், வில்கிட்ஸ்கி. அடுத்த படம்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மூவாயிரம் தாண்டியிருப்பேன். மோர் குடிக்கலாம்னு நிமிந்தா, பின்னால அண்ணாச்சி. எம்புட்டு நேரமா நின்னாரோ தெரியல. மிசின் ஓடல. ஆளுங்க எல்லாம் அங்கங்க நிக்கிறாங்க.

"எதப் பாத்துய்யா வைக்கிற?"ன்னாரு.

எதையும் பாக்கல அண்ணாச்சி, சும்மாத்தான் வைக்கிறேன்னேன். பெருமையாத்தான் சொன்னேன், பொய் சொல்லுவானேன்.

அவரு பீரோவத் தெறந்தாரு, அதுக்குச் சாவி அவருகிட்டத்தான் இருக்கும். கனி வரைஞ்ச டிரேசிங்க எடுத்துட்டு வந்தாரு. நான் புள்ளி வச்ச படத்த லைட் டேபிள்ல விரிச்சு, அது மேல டிரேசிங்கப் போட்டு, ஓரத்துக் குறியெல்லாம் ஒண்ணா வச்சு, லைட்டப் போட்டாரு. அஞ்சும் போயி அஞ்சு மேலயும் உக்காந்திருச்சு. ஒரு முடி வெலகல. அடுத்த படத்த எடுத்து வச்சாரு. அதுவும் அப்படித்தான். பத்துப் படம் வச்சுப் பாத்தாரு. மிசின் ஆளுங்க கழுத்த நீட்டிப் பாக்குறாங்க. அவளுக்கு வெளிநாட்டு அட்லஸும் லென்ஸும் வேணும், எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

"தூசின்னு சொன்னியேய்யா"ன்னாரு அண்ணாச்சி.

நான் குனிஞ்சு அடுத்த படத்த இழுத்தேன். இன்னும் நாலாயிரம் கெடந்துச்சுல்ல.

அவ திருப்பூர்ல இருக்கான்னு தெரிஞ்சதும் ஆளு அனுப்பினாரு. அவ வரல. அவரே நேருல போனாரு, அப்பவும் வரல. காப்பி மட்டும் குடுத்து அனுப்பினாளாம். எழுபது வயசு மனுசன் அவ்வளவு தூரம் போயிருக்காரு, வந்தா என்ன கொறஞ்சு போயிருவா? அண்ணாச்சி என்னை வேலைய விட்டும் நிறுத்தல. நிறுத்தியிருந்தா ஒரு நாளு சண்டையோட போயிருக்கும். பதினோரு வருசம் வச்சிருந்தாரு. என் லைட் டேபிள் என்கிட்டயே இருந்துச்சு. நெகட்டிவ் மட்டும் வரல. ஒண்ணு கூட வரல. எல்லாம் புதுசா வந்த ஒருத்தன்கிட்டப் போச்சு. காலையில வருவேன், லைட்டப் போடுவேன், வெறுங் கண்ணாடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், சாயந்தரம் அமத்திட்டுப் போவேன். ஒரு பய என்கிட்ட வந்து பேச மாட்டான். நான் உக்காந்திருக்குற பக்கமே நடக்க மாட்டாங்க. எல்லாம் அவளால வந்தது. அந்த அஞ்சு புள்ளிய அவ போடாம இருந்திருந்தா, எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

ஆனா ஒண்ணு. அந்தப் பத்துப் படத்தப் பாத்த அன்னிக்கு, லைட்ட அமத்திட்டு, டிரேசிங்கச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, போறதுக்கு முந்தி அண்ணாச்சி என்னைப் பாத்து ஒரு வார்த்த சொன்னாரு. நின்ன எடத்துல, அத்தன ஆளுக்கும் கேக்குற மாதிரிச் சொன்னாரு. "நான்தான் தப்பா நெனச்சிட்டேன் ஜெயக்கொடி. ஒன் கண்ணு நல்லாத்தான்யா இருக்கு"ன்னாரு.

மிசின் ஆளு கேட்டான், பைண்டிங் ஆளு கேட்டான், எல்லாரும் கேட்டாங்க. அவளும் அங்க இருந்து அதக் கேட்டிருக்கணும்.